கிழிந்தது உறை, செத்தது ஃபோம்

கேள்வி: பழைய ஆபீஸ் நாற்காலி ஒன்றை வாங்கினேன். சீட்டில் ரெக்சின் செதில் செதிலாக உரிந்து உடையில் ஒட்டிக்கொள்கிறது. அரை மணி நேரம் உட்கார்ந்தால் அடியில் பலகை இடிக்கிறது. "பழைய உறைக்கு மேலேயே புது ரெக்சின் போட்டுக்கொள்ளுங்கள், போதும்" என்கிறார் விற்றவர். இதை வீட்டிலேயே செய்ய முடியுமா? எனக்குத் தைக்கத் தெரியாது.

பதில்: தாராளமாகச் செய்யலாம். தையல் மெஷினே தேவையில்லை. ஒரு ஸ்டேபிள் கன், தட்டை ஸ்க்ரூடிரைவர், குறடு, நல்ல கத்தரிக்கோல், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவுதான்.

ஆனால் விற்றவர் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். பலகை இடிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது உறையின் கோளாறு அல்ல. உள்ளே இருக்கும் ஃபோம் செத்துவிட்டது. மேலே எதைப் போர்த்தினாலும் இடிக்கத்தான் செய்யும். அதோடு, உரிகிற ரெக்சின் மேல் புதுசை இழுத்துக் கட்டினால் பழையது அடியில் உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். "ரீகண்டிஷன் செய்தது" என்று கைமாறும் நாற்காலிகளில் பலவற்றின் ரகசியமே இதுதான்: பளபளவென்று புது உறை, உள்ளே அதே பழைய சப்பை. ஒரு சீட்டைப் பிரித்தபோது ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உறைகளைப் பார்த்திருக்கிறேன். மூன்று முறை யாரோ காசு வாங்கியிருக்கிறார்கள், ஒருவரும் ஃபோமைத் தொடவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். நாற்காலியைக் கவிழ்த்து, சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். பெரும்பாலும் நான்கு இருக்கும், கைப்பிடிக்குத் தனியாகச் சில. கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம். எந்த போல்ட் எந்தத் துளையில் இருந்தது என்று காகிதத்தில் குத்தி வையுங்கள். நீளம் மாறியிருக்கும். நான் ஒருமுறை மாற்றிப் போட்டு, போல்ட் முனை பலகையைத் தாண்டி ஃபோமுக்குள் ஏறிவிட்டது. உட்கார்ந்தவர் துள்ளி எழுந்த பிறகுதான் தெரிந்தது. நடுவில், சீட்டை ஏற்றி இறக்கும் கேஸ் சிலிண்டரைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே அதிக அழுத்தத்தில் வாயு இருக்கிறது. நாற்காலி தானாகக் கீழே இறங்கினால் அது வேறு வியாதி, குஷன் வேலையில் தீராது.

பலகையின் அடியில் உறையைப் பிடித்திருக்கும் ஸ்டேபிள் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தெறிக்கும். மடிப்புகளில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். பழைய உறையைக் கிழிக்காமல் எடுத்தால் அதுவே உங்கள் அளவுத்துணி.

இப்போது ஃபோம். கடையில் கையால் அழுத்திக் காட்டி, "ஹை டென்சிட்டி சார், கல் மாதிரி இருக்கு பாருங்க" என்பார்கள். கல் மாதிரி இருப்பதற்கும் டென்சிட்டிக்கும் சம்பந்தமே இல்லை. டென்சிட்டி என்பது எடை: ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது. டென்சிட்டி குறைந்த ஃபோமைக்கூட விறைப்பாகச் செய்துவிடலாம், சில மாதத்தில் குழி விழும். தினமும் பல மணி நேரம் உட்காரும் சீட்டுக்கு 40 டென்சிட்டியாவது வேண்டும். 50 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 5 செ.மீ. தடிமன் உள்ள துண்டு 40 டென்சிட்டி என்றால் அரை கிலோ எடை இருக்கும். தராசில் வையுங்கள். 300 கிராம் காட்டினால் அது 24 டென்சிட்டி, வாய் என்ன சொன்னாலும் சரி. பிஸ்கட் பாக்கெட்டில்கூட எடை அச்சிடுகிறார்கள். வெட்டி விற்கும் ஃபோமில் ஏன் ஒரு எண்ணைக் குத்தக்கூடாது என்று நானும் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விதிவிலக்கு. உங்கள் சீட்டின் முன்விளிம்பு கீழ்நோக்கி வளைந்து, பின்புறம் லேசாகக் குழிந்திருந்தால், அது தட்டையாக வெட்டிய ஃபோம் அல்ல, அச்சில் வார்த்தது. அதை அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். கிள்ளிப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் போகட்டும். உதிராமல், நடுவில் மட்டும் அமுங்கியிருந்தால், அதை அப்படியே வைத்துக்கொண்டு மேலே 2 செ.மீ. நல்ல ஃபோம் ஒட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டுங்கள், பசை வாடை மண்டையைப் பிடிக்கும். முழுக்க மாற்றத்தான் வேண்டுமென்றால், புதுத் துண்டின் முன்விளிம்பில் அடிப்பக்கத்தை நீளமான கத்தியால் சரிவாகச் சீவுங்கள். உறையை இழுத்துக் கட்டும்போது விளிம்பு தானாகக் கீழே வளையும். சீவாமல் விட்டால் அந்தச் சதுர முனை தொடையின் அடியில் அழுத்தி, கால் மரத்துப்போகும். புது குஷன் போட்ட பிறகு கால் வலிக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் தடவிப் பார்ப்பது இந்த முனையைத்தான்.

உறைக்குத் துணியோ, பின்புறம் பின்னல் துணி வைத்த ரெக்சினோ வாங்குங்கள், கொஞ்சம் இழுபடும். பழைய உறையைவிடச் சுற்றிலும் நான்கு விரல் அதிகம் வெட்டுங்கள். முன்பக்க நடுவில் ஒரு பின், பின்பக்க நடுவில் ஒன்று, அப்புறம் இடம், வலம். அங்கிருந்து மூலைகளை நோக்கிப் போங்கள். ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால் கோணிக்கொள்ளும். மூலையில் சின்னச் சின்ன மடிப்பாக அடிப்பக்கம் சொருகி அடியுங்கள். பலகை 12 மி.மீ. என்றால் 8 மி.மீ. பின் போதும். போல்ட் துளைகளுக்கு மேல் மட்டும் பின் அடிக்காதீர்கள், துணி மூடியிருந்தால் ஊசியால் குத்தித் திறந்துகொள்ளுங்கள்.

முதுகுப் பகுதி நன்றாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பல நாற்காலிகளில் அதன் பின்மூடியை பிளாஸ்டிக் கிளிப்பால் மாட்டியிருப்பார்கள். கழற்றினால் பாதி உடையும். அந்த ஒரு கிளிப்பைத் தனியாகத் தரச் சொன்னால், புது நாற்காலியின் விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள்.