டயட்டில் சாப்பாட்டுக் கணக்கு எழுத எந்தச் செயலி?

இட்லி, சாம்பார், பொரியல் என்று பெரும்பாலும் வீட்டில் சமைத்ததையே சாப்பிடுபவருக்கு எந்தக் கலோரி செயலி சரிவரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உணவுப் பட்டியலை யார் நிரப்புகிறார்கள் என்பதுதான் முக்கியம். மைஃபிட்னஸ்பாலில் பட்டியல் மிகப் பெரியது. ஆனால் பயனர்களே சேர்த்த பதிவுகள் ஏராளம், அதனால் ஒரே தோசைக்குப் பல எண்கள் வரும். ஹெல்திஃபைமீ (இப்போது ஹெல்திஃபை) இந்தியச் செயலி, நம் பதார்த்தங்கள் அதில் நிறைய உண்டு. க்ரோனோமீட்டர் அமெரிக்க வேளாண்துறையுடையது போன்ற சரிபார்த்த தரவுகளைப் பயன்படுத்துகிறது; இரும்பு, பி12 வரை காட்டும். நம்மூர் உணவு குறைவுதான், இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.

காரணம், வீட்டுச் சாம்பாருக்கு எந்தப் பட்டியலும் பொருந்தாது. பருப்பு, காய், எண்ணெய் எல்லாவற்றையும் எடைபோட்டு ஒரு முறை சமையல் குறிப்பாகப் பதிந்துவிட்டால், அப்புறம் சாப்பிட்ட கிராமை மட்டும் போட்டால் போதும். இலவசக் கணக்கிலேயே இது முடியும்.

எந்தச் செயலியானாலும் பதிவு வேகாத அரிசிக்கா, வெந்த சோற்றுக்கா என்று பாருங்கள். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி, அதே எடைச் சோற்றில் சுமார் 130. தாளிக்கும் எண்ணெயையும் விடாதீர்கள்; ஒரு மேசைக்கரண்டியே ஏறக்குறைய 120 கலோரி. பிரீமியம் சந்தாவுக்கு முன் ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள்.