நீங்கள் யாருடைய ஆள்?
தொழிலகப் பாதுகாப்பு: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஆய்வாளரின் பதில்கள்

கேள்வி: என் கணவர் சிப்காட்டில் கான்ட்ராக்டரிடம் ஹெல்பர். ஷட்டவுன் சமயத்தில் டேங்க் கழுவ உள்ளே இறக்குகிறார்கள். கம்பெனி ஆட்கள் இறங்குவதில்லை. பயமாயிருக்கிறது என்றதற்கு, "நீ எங்க ஆள் இல்ல, உன் மேஸ்திரியக் கேளு" என்றாராம் கம்பெனி சூப்பர்வைசர். யாரைத்தான் கேட்பது?
– ஒரு வாசகி, குடிகாடு

பதில்: அம்மா, இந்தப் பதிலை என் சர்வீஸ் முழுக்கக் கேட்டிருக்கிறேன். விபத்து நடந்த மறுநாளும் இதையேதான் சொல்வார்கள். சட்டம் இதை ஏற்பதில்லை. கான்ட்ராக்டர் மூலம் வந்தவரும், முதலாளிக்குத் தெரிந்து வந்தாலும் தெரியாமல் வந்தாலும், அந்தத் தொழிற்சாலையின் தொழிலாளிதான் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 1976 திருத்தத்திலேயே எழுதிவிட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இடத்தை நடத்துபவர் தலையில்தான் பொறுப்பை வைக்கிறது. சம்பளம் யார் கொடுக்கிறார் என்பது வேறு கணக்கு.

இனி டேங்க். மூடிய தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் தகுதியுள்ள ஒருவர் காற்றைச் சோதித்து, எழுத்தில் சான்று தர வேண்டும். இடுப்பில் பெல்ட், அதில் கயிறு, கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில். 1948 சட்டத்தின் 36-ஆம் பிரிவு சான்று வேண்டும், இல்லையென்றால் மூச்சுக் கருவியோடு பெல்ட்டும் கயிறும் வேண்டும் என்றது; இரண்டும் இருப்பதே பாதுகாப்பு. வெளியில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், தொட்டிக்குள் அது 19.5-க்குக் கீழே போனால் உள்ளே போகக் கூடாது. நைட்ரஜன் விட்டுக் கழுவிய தொட்டியில் வாசனையே இருக்காது, இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். ஹைட்ரஜன் சல்ஃபைடோ இன்னும் மோசம். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும், அளவு ஏறினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். "வாடை போயிடுச்சு, இறங்கு" என்று சொல்கிற மேஸ்திரியை நம்பவே கூடாது. விழுந்தவரைத் தூக்க மூச்சுக் கருவி இல்லாமல் இறங்குகிற அடுத்த ஆளும் அங்கேயே விழுவார். கயிற்றின் மறுமுனை வெளியே இருக்க வேண்டும் என்பது அதற்காகத்தான்.

உங்கள் கணவர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "பெர்மிட் எங்கே, மீட்டர் எவ்வளவு காட்டுது?" பெர்மிட் என்பது உள்ளே இறங்க எழுத்தில் தரும் அனுமதி, மீட்டர் காற்றைச் சோதிக்கும் கருவி. பதில் இல்லையென்றால், புதிய தொகுப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி உயிராபத்து இருப்பதை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம். வாட்ஸப்பில் நேரத்தோடு ஒரு செய்தி போட்டு வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

கேள்வி: எங்கள் கான்ட்ராக்டர் 48 பேரோடு நிறுத்திக்கொண்டு, மீதிப் பேரைத் தம்பி பெயரில் வைத்திருக்கிறார். ஐம்பதுக்குக் கீழே சட்டமே வராதாமே?
– ஒரு வாசகர், சேதராப்பட்டு

பதில்: பழைய 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் எல்லை 20. புதிய தொகுப்புச் சட்டம் அதை 50 ஆக்கியது எனக்கு உடன்பாடில்லை, நீங்கள் சொல்லும் தம்பிமார்கள் முளைப்பதே அதனால்தான். ஆனாலும் கான்ட்ராக்டர் நினைக்கிற அளவுக்கு ஓட்டை பெரிதில்லை. கான்ட்ராக்டர் கணக்கோடு, கம்பெனியின் கணக்கில் வரும் கான்ட்ராக்ட் ஆட்களையும் எண்ணுவார்கள். கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள், எல்லா கான்ட்ராக்டர் ஆட்களும் சேர்ந்து அந்த வளாகத்தில் 50 பேர் இருந்திருந்தால் போதும், கம்பெனி மாட்டிக்கொள்ளும். கேட் பாஸ் ரிஜிஸ்டரைப் பார்த்தால் தெரிந்துவிடும். முன்பு குடிநீர், ஓய்வறை, முதலுதவி எல்லாம் கான்ட்ராக்டர் கடமை, அவர் செய்யாவிட்டால்தான் கம்பெனி. இப்போது நேராகவே கம்பெனியின் கடமை. புதிய சட்டத்தில் நான் மனதாரப் பாராட்டுவது இதை.

கேள்வி: அமெரிக்காவில் கான்ட்ராக்ட் தொழிலாளர் பாதுகாப்புக்குத் தனி விதி உண்டா?
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

பதில்: ஒரு துறையில் உண்டு, தம்பி. அங்கே எரிசக்தித் துறையின் அணு ஆயுதக் கூடங்களையும் ஆய்வகங்களையும் நடத்துவதே பெரும்பாலும் கான்ட்ராக்டர்கள்தான். நாடாளுமன்றம் விதி போடச் சொல்லி, 2003 டிசம்பரில் வரைவு வந்தது. ஆட்சேபங்கள் வரவே அதை நிறுத்தி, 2005 ஜனவரியில் மாற்றி வெளியிட்டு, 2006 பிப்ரவரியில் இறுதியாக்கினார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து, முறைப்படி புகார் சொல்ல நேரமில்லை என்று நியாயமாக நம்பினால் அந்த வேலையைச் செய்ய மறுக்கும் உரிமை அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. நம் 14-ஆம் பிரிவு "தெரிவிக்கலாம்" என்பதோடு நிற்கிறது. தெரிவித்த பிறகு இறங்குவதா, வேண்டாமா? சட்டம் பேசாத அந்த இடத்தில்தான் மேஸ்திரி பேசுகிறார்.

கேள்வி: விதிகளின் வரைவு வந்தால் எங்களைப் போன்றவர்கள் எழுதிப் போட்டு என்ன ஆகப் போகிறது?
– வெல்டர், மேட்டுப்பாளையம், புதுச்சேரி

பதில்: வரைவை வெளியிட்டு, கெடு சொல்லி, வந்த ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே விதி செய்ய வேண்டும் என்பது 1897-ஆம் வருடப் பொது உட்பிரிவுகள் சட்டம். ஆலை முதலாளிகள் சங்கம் ஒவ்வொரு வரைவுக்கும் வக்கீல் வைத்து எழுதுகிறது. நம் பக்கத்தில் "தொழிலாளர் விரோதம்" என்று ஒற்றை வரி போகும். அதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் எதையும் திருத்த முடியாது. விதி எண்ணைக் குறிப்பிடுங்கள், உங்கள் இடத்தில் நடப்பதை எழுதுங்கள், எந்தச் சொல்லை எப்படி மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். "ஆபத்தைத் தெரிவித்த தொழிலாளி, சரிசெய்யப்படும் வரை வேலை செய்ய வேண்டியதில்லை, அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். தமிழிலேயே எழுதுங்கள். குறைதீர்க்க மத்திய, மாநில அதிகாரி எவருக்கும் இங்கே வழங்கும் மொழியில் மனு தர அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு இடம் தருகிறது. கெடு முடியுமுன் பதிவுத் தபாலில் போட்டு, நகல் ஒன்றைக் கையில் வையுங்கள்.

கேள்வி: சேஃப்டி ஷூவுக்கு என் சம்பளத்தில் பிடித்தது சரியா?
– பச்சையாங்குப்பம்

பதில்: தப்பு. பாதுகாப்புக்காகத் தரும் எதற்கும், மருத்துவப் பரிசோதனை உட்பட, தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது புதிய தொகுப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருந்தால், அதோடு கடலூர் தொழிலகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போங்கள்.