பத்து சதவீதம் கேட்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: நாங்கள் டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், சாப்ட்பாலில் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) பந்து வீசும் பிட்சர். கல்லூரி அணியில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஆலோசகர் ஒருவர், மே மாதம் ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும் பிக் 12 கான்பரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) சாம்பியன்ஷிப்புக்கு அவளை அழைத்து வந்தால் கோச்சுகளிடம் நேரில் அறிமுகப்படுத்துகிறேன் என்கிறார். மொத்தமாக 4,000 டாலர் கட்டலாம். இல்லையென்றால் இப்போது 1,000 கட்டிவிட்டு, ஸ்காலர்ஷிப் கிடைத்த பிறகு அதில் பத்து சதவீதம் தரலாம். வேலை முடிந்த பிறகு கொடுப்பதுதானே நல்லது என்கிறார் என் கணவர். எதை எடுக்கலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி. அதிலும் உங்கள் கணவர் நல்லது என்று நினைக்கிற அந்த இரண்டாவது வழிதான் மகளின் விளையாட்டுக்கே உலை வைக்கும்.

முதலில் அந்த அறிமுகத்தைப் பார்ப்போம். பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1ஆம் தேதி வரும்வரை, டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவு) சாப்ட்பால் கோச் ஒரு மாணவியிடம் சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது. போன், மெசேஜ், நேர்ப்பேச்சு எதுவும் ஆகாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமே வாய்வாக்கு வாங்கிக்கொண்டிருந்த கொடுமையை நிறுத்த, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ கொண்டுவந்த விதி இது. மே மாதத்தில் உங்கள் மகள் இன்னும் பத்தாம் வகுப்புதான். அந்த ஆலோசகர் கையைப் பிடித்து அழைத்துப் போய் நிறுத்தினாலும், கோச் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நகரத்தான் முடியும். இந்தத் தொழிலில் இருக்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தே பணம் கேட்கிறார்.

விதி இல்லாவிட்டாலும் அந்த வாரம் அதற்கான வாரமே இல்லை. தேசியப் போட்டியில் 64 அணிகள்தான் ஆடும். ஏறக்குறைய பாதி இடங்கள் கான்பரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடியாகப் போய்விடும். மீதியைத் தேர்வுக் குழு பார்த்துத் தரும். சின்ன கான்பரன்ஸில் இருக்கும் அணிக்குப் பெரும்பாலும் கோப்பை ஒன்றுதான் வழி. தோற்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். பெரிய அணிகளுக்கும் நிம்மதி கிடையாது. 2025இல் எஸ்இசி என்கிற பெரிய கான்பரன்ஸின் இறுதி ஆட்டம் மழையால் நின்றுபோய், ஓக்லஹோமாவும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. தேசியப் போட்டியில் முதல் தரவரிசை பெற்ற அதே ஏ அண்ட் எம், அடுத்த வாரமே சொந்த மைதானத்தில் லிபர்ட்டியிடம் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது. வேலையே அந்த ஒரு வாரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் கோச், டக்அவுட் (அணி உட்காரும் இடம்) பக்கம் யார் யாரை அழைத்து வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

இனி அந்தப் பத்து சதவீதம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். என்னிடம் ஒப்பந்தத்தோடு வருகிற பெற்றோரில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். நம் ஊரில் நிலத் தரகரானாலும் கல்யாணத் தரகரானாலும், காரியம் முடிந்த பிறகு கமிஷன் கொடுத்துப் பழகியவர்கள் நாம். அதுதான் நியாயம் என்று மனதில் ஊறிப்போயிருக்கிறது. என்சிஏஏ விதி இதற்கு நேர் எதிர். மகளின் விவரங்களையும் வீடியோவையும் கல்லூரிகளுக்கு அனுப்பித் தரும் சேவைக்கு நீங்கள் பணம் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தக் கட்டணம், அவளுக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்ததா என்பதைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது. செய்த வேலைக்குக் கூலி கொடுத்தால் அது சேவை. கிடைத்த இடத்துக்குப் பங்கு கொடுத்தால் அந்த மனிதர் விதியின் கண்ணில் ஏஜென்ட் ஆகிவிடுகிறார். கல்லூரியில் ஆடும் தகுதிக்கே சிக்கல் வரும். சிக்கல் அவருக்கு வராது. உங்கள் மகளுக்கு வரும்.

இதையே வேறு வேறு பெயரில் எழுதி நீட்டுவார்கள். ‘வெற்றிக் கட்டணம்’ என்பார்கள், ‘சேர்க்கை உறுதியானதும் மீதித் தொகை’ என்பார்கள். ‘ஸ்காலர்ஷிப் கிடைக்காவிட்டால் பணம் வாபஸ்’ என்று எழுதியிருந்தாலும் தொடாதீர்கள். அதிலும் பணம் முடிவோடுதான் கட்டப்பட்டிருக்கிறது.

அப்படியானால் மொத்தமாக 4,000 கட்டுவது சரியா? விதிப்படி குற்றமில்லை, ஆனால் வீண். அந்தப் பணத்துக்கு அவர் செய்யப்போவதை உங்கள் மகளே சும்மா செய்துகொள்ளலாம்.

ஸ்காலர்ஷிப் கணக்கையும் ஊதிச் சொல்லியிருப்பார். 2025 வரை ஒரு டிவிஷன் 1 சாப்ட்பால் அணிக்கு 12 முழு ஸ்காலர்ஷிப்புக்கு மேல் கிடையாது. அதைத்தான் அணி முழுக்கப் பிரித்துக் கொடுத்தார்கள். விளையாட்டு வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட வழக்கில் வந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு அந்த வரம்பு போய், அதில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கு 25 பேர் என்ற புது வரம்பு வந்திருக்கிறது. 25 பேருக்கும் பணம் தரலாம் என்பதுதான் விதி. தந்தே ஆகவேண்டும் என்று எங்கும் இல்லை. ஹார்வர்ட் போன்ற ஐவி லீக் கல்லூரிகளும் டிவிஷன் 3 கல்லூரிகளும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதே இல்லை. ‘ஹார்வர்டில் சாப்ட்பால் ஸ்காலர்ஷிப்’ என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இத்தனையையும் ஒரு தாய் எங்கே போய்த் தெரிந்துகொள்வது? விதிப்புத்தகம் நூற்றுக்கணக்கான பக்கம், வக்கீல்கள் வக்கீல்களுக்காக எழுதியது. வருடா வருடம் திருத்தம் வேறு. பெற்றோருக்குப் புரிகிற மாதிரி இரண்டு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுத்திருந்தால் இந்த ஆலோசகர்களில் பாதிப் பேருக்குப் பிழைப்பு இருக்காது. ‘ஆலோசகர்’ என்று அட்டை அடித்துக்கொள்ள ஒரு பரீட்சையும் எழுத வேண்டியதில்லை. வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாருக்கும் அக்கறை இல்லை.

இப்போது செய்யவேண்டியது இது. அவளுக்குப் பிடித்த கல்லூரிகளின் சாப்ட்பால் பக்கத்தில் வீரர்களுக்கான கேள்விப் படிவம் இருக்கும், இலவசம். நிரப்பட்டும். கோச்சுக்கு அவள் கைப்பட ஒரு மின்னஞ்சல் எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம். 43 அடி தூரத்திலிருந்து வீசுவதைப் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்து, பாட்டு எதுவும் சேர்க்காமல் வீடியோ அனுப்பட்டும். செப்டம்பருக்கு முன் பதில் வராது. வந்தாலும் பயிற்சி முகாம் அறிவிப்போ படிவமோதான் வரும், அதற்கு மட்டும் விதி இடம் தருகிறது. அந்த மௌனத்தைப் பார்த்துப் பயந்துதான் பல பெற்றோர் ஏஜென்டிடம் ஓடுகிறார்கள். விதி பேசவிடவில்லை, அவ்வளவுதான்.

படிப்பையும் பாருங்கள். டிவிஷன் 1க்கு 16 முக்கியப் பாடங்கள் தேவை. அதில் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும். பள்ளி கவுன்சிலரிடம் இந்த மாதமே உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

ஓக்லஹோமா சிட்டிக்குத் தாராளமாகப் போய் வாருங்கள், மூன்று மணி நேரப் பயணம்தான். டிக்கெட்டை கான்பரன்ஸின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். போட்டி நடக்கும் டெவன் பார்க் மைதானத்தில், பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்காரவைத்து, பிட்சர்கள் காலை எங்கே ஊன்றுகிறார்கள், ஆறாவது இன்னிங்ஸில் களைத்த பிறகு எதை வீசுகிறார்கள் என்று அவளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்த ஒப்பந்தத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு மறைக்காதீர்கள். ஒரு நகல் எடுத்துவைத்து, ரத்து செய்வதாக எழுத்தில் அனுப்புங்கள். பின்னால் எந்தக் கல்லூரி அழைத்தாலும், அங்கே விதிமுறைகளைப் பார்க்கும் அலுவலகத்திடம் அந்த இரண்டு தாளையும் நீங்களே முதலில் காட்டிவிடுங்கள்.