சட்டம் மட்டும் போதுமா?

கேள்வி: இனப் பாகுபாட்டை அரசு சட்டம் போட்டு ஒழித்துவிட முடியுமா?

பதில்: மனசுக்குள் இருக்கும் வெறுப்பைச் சட்டம் தொடாது, ஆனால் அந்த வெறுப்பு ஒருவருடைய வேலையையும் வீட்டையும் பறிக்காமல் தடுக்கலாம், அதற்காகவே சட்டம் வேண்டும். அதுவும் ஓட்டை இல்லாமல். பிரிட்டனில் 1965-ல் வந்த முதல் இன உறவுகள் சட்டம் ஹோட்டல், பஸ் மாதிரி பொது இடங்களோடு நின்றுவிட்டது. தோல் நிறத்தைப் பார்த்து வேலையோ வாடகை வீடோ மறுத்தால் கேட்க நாதியில்லை. 1968-ல்தான் அவை சேர்ந்தன. 1976 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது: எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும் ஒரு விதி, நியாயமான காரணமில்லாமல் ஒரு இனத்தாரை மட்டும் அதிகம் பாதித்தால் அதுவும் பாகுபாடே. தலைப்பாகையை எடுத்தால்தான் சேர்ப்போம் என்று ஒரு பள்ளி சீக்கியச் சிறுவனுக்கு இடம் மறுத்த வழக்கில், 1983-ல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவன் பக்கம் தீர்ப்புச் சொன்னது இந்தச் சட்டத்தை வைத்துத்தான்.

அப்புறம், நிரூபிப்பது. "வீடு வாடகைக்குப் போயிடுச்சே" என்று வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னால் என்ன செய்வது? அமெரிக்காவில் ஒரே மாதிரி வருமானம் உள்ள, வேறு வேறு இனத்தைச் சேர்ந்த இரண்டு பேரை அதே வீட்டைக் கேட்க அனுப்பிச் சோதிக்கிறார்கள், இதற்கு அரசே பணமும் தருகிறது. ஆதாரம் தேடும் பாரத்தைப் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே கட்டிவிடாத இந்த ஏற்பாடு எல்லா நாட்டிலும் வர வேண்டும்.