எரிந்த கால் மரத்துப்போனால் குணமாகிறது என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு வயது 56. சிவகங்கை மாவட்டம். பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சுத்த சைவம். இரண்டு ஆண்டுகளாக ராத்திரியானால் இரண்டு பாதமும் தீயாய் எரியும். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டுதான் படுப்பேன். அப்போது எடுத்த நரம்புச் சோதனை நார்மல் என்று வந்தது. மருந்துக்கடையில் நரம்புச் சத்து மாத்திரை என்று கொடுத்ததை எட்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். இப்போது எரிச்சல் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் பாதம் மரத்தாற்போல் இருக்கிறது. போன மாதம் கடைத்தெருவில் ஒரு கால் செருப்பு கழன்றது தெரியாமல் வீடு வரைக்கும் நடந்து வந்துவிட்டேன். குணமாகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? மாத்திரையைத் தொடரலாமா? தைப்பூசத்துக்கு வேண்டுதல் இருக்கிறது. பழனிக்கு வெறுங்காலோடு பாதயாத்திரை போகலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அந்தச் செருப்புதான். செருப்பு கழன்றதே தெரியவில்லை என்றால் உள்ளங்காலில் தொடு உணர்வு போய்க்கொண்டிருக்கிறது. எரிச்சல் குறைந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். எரிச்சலை மூளைக்குச் சொல்ல வேண்டிய நரம்பு இழைகளே பட்டுப்போனால் எரிச்சலும் அடங்கிவிடும். தணிந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைகிற நேரம் அது. எங்களைப் போன்றவர்கள் பயப்படுகிற நேரமும் அதுதான்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் ரத்தக் குழாயையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். ஊசி போட்டால் ‘நரம்புல போட்டாங்க’. காலில் ரத்தக் குழாய் புடைத்தால் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’. அதனால் கால் மரத்துப்போகிறது என்று வருகிறவர்களில் பலர் ரத்த ஓட்டத்துக்கு மாத்திரை கேட்கிறார்கள். நான் இங்கே பேசுவது தண்டுவடத்திலிருந்து கிளம்பிக் கை கால்களுக்கு ஓடி, உணர்வையும் அசைவையும் சுமக்கும் நரம்புகளைப் பற்றி. புற நரம்புகள் என்று பெயர்.

உங்கள் கட்டைவிரல் நுனிக்கு வரும் உணர்வு நரம்பின் உயிரணு, கீழ் முதுகில் தண்டுவடத்தின் ஓரமாக இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனி வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே இழை. அந்த இழைக்கு வேண்டியதெல்லாம் உயிரணுவில் தயாராகி, இழைக்குள்ளேயே பயணப்பட்டுப் போய்ச் சேர வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் எந்த வயல் முதலில் காயும்? கடைமடைதான். சர்க்கரையால் நரம்பு நலியும்போதும் அப்படியே. விரல் நுனியில் தொடங்கி, பாதம், கணுக்கால் என்று காலுறை போட்டது போல மேலே ஏறும். முழங்கால் அளவுக்கு வந்தபின் கைவிரல் நுனிகளிலும் தொடங்கும். இரண்டு காலிலும் ஒரே மாதிரி வருவது இதன் அடையாளம்.

அப்படியானால் சோதனை ஏன் நார்மல் என்று வந்தது? மின்னோட்டம் கொடுத்துச் செய்யும் அந்த நரம்புக் கடத்தல் சோதனை தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சல், வலி, சூடு, குளிர் இவற்றைச் சொல்பவை மெல்லிய இழைகள். அவை மட்டும் கெட்டிருக்கும் காலத்தில் சோதனை சரியாகத்தான் காட்டும். ‘ஒன்றுமில்லை, மனப்பிரமை’ என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். உங்கள் எரிச்சல் அன்றைக்கும் உண்மைதான். இப்போது தொடு உணர்வும் குறைந்திருப்பதால் தடித்த இழைகளும் பாதிக்கப்பட்டிருக்கும். மறுபடி எடுத்தால் முடிவு மாறி வர வாய்ப்புண்டு.

ஆனால் விலை உயர்ந்த சோதனைக்கு முன் இரண்டு எளிய சோதனைகள் இருக்கின்றன. ஒன்று, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் கண்ணை மூடவைத்து உள்ளங்காலைத் தொடுவது. இன்னொன்று, இசைக்கவை (டியூனிங் ஃபோர்க்). அதைத் தட்டி அதிரவிட்டுக் கட்டைவிரல் எலும்பின் மேல் வைப்போம். ‘அதிர்வு நின்றதும் சொல்லுங்கள்’ என்பேன். சென்ற வாரம் உங்கள் வயதுள்ள ஒரு பெண்மணி, வைத்த மறுகணமே ‘நின்னுடுச்சு சார்’ என்றார். என் விரலில் கவை இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அதைக் கால்விரலிலிருந்து எடுத்து அவர் மணிக்கட்டில் வைத்ததும் அவர் முகம் மாறியது. தன் காலுக்கு எது தெரியவில்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். சர்க்கரை உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சோதனை இது. செருப்பைக் கழற்றச் சொல்லாமலே மருந்துச் சீட்டு எழுதினால் நீங்களே கழற்றிக் காட்டுங்கள்.

அடுத்தது காரணம். சர்க்கரை இருக்கிறது என்பதால் பழியை முழுக்க அதன் மேல் போட்டுவிடக் கூடாது. உங்கள் விஷயத்தில் எனக்கு வைட்டமின் பி12 மேல் பலத்த சந்தேகம். மெட்ஃபார்மின் நல்ல மருந்து, நிறுத்த வேண்டாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் சாப்பிடும்போது உணவிலிருந்து பி12 உறிஞ்சப்படுவதை அது குறைக்கும். பி12 இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் இவற்றில்தான். கீரையிலும் பருப்பிலும் கிடையாது. பதினொரு ஆண்டு மெட்ஃபார்மின், அதோடு சைவம் என்றால் சேமிப்பு கரைந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. இந்தக் குறை புற நரம்போடு நிற்காது, தண்டுவடத்தையும் தாக்கும். முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறது, இருட்டில் நடக்கத் தடுமாறுகிறது என்றால் உடனே கவனிக்க வேண்டும். நாள் கடந்தால் ஊசி போட்டும் முழுதாகத் திரும்பாது. சீக்கிரம் பிடித்தால் இது குணப்படுத்தக்கூடிய நரம்பு நோய். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அந்தச் சத்து மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். அதில் பி12 இருந்தால் ரத்தத்தில் அளவு சரியாக இருப்பதுபோல் காட்டக்கூடும். அதைவிட முக்கியம், அதில் பி6 எவ்வளவு இருக்கிறது என்பது. உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 2 மி.கி. சில மாத்திரைகளில் 100 மி.கி. வரை இருக்கிறது. பி6 குறைந்தாலும் நரம்பு கெடும், மாதக்கணக்கில் அளவுக்கு மீறிப் போனாலும் கெடும். நரம்புக்கு நல்லது என்று வாங்கிய மாத்திரையே காலை மரக்கவைக்கலாம். எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: டாக்டர் அட்டையைப் பார்க்கும்வரை நிறுத்திவையுங்கள். காசநோய்க்கு ஐசோநியாசிட் சாப்பிடுகிறவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டுத் தங்கள் பி6 மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அந்த மருந்து பி6-ஐக் குறைக்கும் என்பதால்தான் அதைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

தைராய்டு, சிறுநீரகம் இரண்டையும் கூடவே பார்த்துவிடலாம். மது, சில புற்றுநோய் மருந்துகள், பரம்பரை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குவது என்று இன்னும் பல காரணங்கள் உண்டு. தோலில் வெளிறிய, உணர்வில்லாத தேமல் இருந்தாலோ, முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறுபோல் தடித்திருந்தாலோ தொழுநோயை நினைக்க வேண்டும். அந்தப் பேச்சே அவமானம் என்று மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது முழுக்கக் குணமாகும் நோய். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

ஒன்றை மட்டும் அவசரமாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். காலில் தொடங்கிய பலவீனம் சில நாட்களுக்குள் மேலே ஏறுகிறது, நேற்று படியேறியவரால் இன்று எழுந்து நிற்க முடியவில்லை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் அது கில்லன் பாரே நோயாக இருக்கலாம். வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்துபோன சில வாரங்களில் வருவதுண்டு. எண்ணெய் தேய்த்துப் பார்க்க நேரமில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அன்றைக்கே போக வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம்.

மருந்துக்கு வருவோம். நரம்பு எரிச்சலுக்கு டைக்ளோஃபெனாக் போன்ற சாதாரண வலி மாத்திரை கேட்காது. சர்க்கரை உள்ளவருக்குச் சிறுநீரகம்தான் கெடும். பிரிகாபலின், காபாபென்டின், டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் இவைதான் எங்கள் கையில் இருப்பவை. இவை வலிச் செய்தியை அமர்த்துகின்றன. நரம்பை வளர்ப்பதில்லை. குறைந்த அளவில் ராத்திரி தொடங்கி மெதுவாகக் கூட்ட வேண்டும். முதல் வாரம் தூக்கமும் தலைசுற்றலும் இருக்கும்; அதனாலேயே மூன்றாம் நாள் நிறுத்திவிட்டு ‘கேட்கல’ என்று வருகிறவர்கள் அதிகம். பிரிகாபலினில் சிலருக்குக் கால் வீங்கும். புராஸ்டேட் தொந்தரவு உள்ள ஆண்களுக்கு அமிட்ரிப்டிலினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். பழகிய பிறகு எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. இந்த மருந்துகளால் எரிச்சல் பாதியாகக் குறைந்து ராத்திரி தூக்கம் வந்தால் அது நல்ல பலன்தான்.

சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது அவசியம், ஆனால் தடாலடியாக வேண்டாம். ரொம்ப நாள் உயர்ந்தே இருந்த மூன்று மாதச் சராசரியை (ஹெச்பிஏ1சி) மூன்றே மாதத்தில் இரண்டு புள்ளிக்கு மேல் இறக்கினால் சிலருக்குக் கடுமையான புது எரிச்சல் கிளம்பும். இன்சுலின்தான் காலைக் கெடுத்துவிட்டது என்று பயந்து அதை விட்டுவிடுகிறார்கள். அது மாதங்கள் போகப் போகத் தணியக்கூடியது. சர்க்கரையால் ஏற்கெனவே பட்டுப்போன இழைகள் எல்லாம் திரும்பத் துளிர்க்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வெட்டுப்பட்ட நரம்பே ஒழுங்காகத் தைத்தால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். இருப்பதைக் காப்பாற்ற முடியும், அதற்காகத்தான் இவ்வளவும்.

மரத்துப்போன காலை எப்படிக் காப்பாற்றுவது என்பதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர் நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்வதாகவே அப்போது எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் ஒவ்வொரு காயத்தின் கதையையும் துருவித் துருவிக் கேட்டார். சூடான பாத்திரத்தைப் பிடித்தது, செருப்பு ஆணி குத்தியது, தூங்கும்போது எலி கடித்தது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கிடைத்தது. வலி தெரியாததால் யாரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். எலிக்காக நோயாளிகளைப் பூனை வளர்க்கச் சொன்னார். காலுக்காக வேலூரிலும் பக்கத்திலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் மென்மையான ரப்பர் செருப்பு உருவானது, இன்று எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த வழியில் வந்ததுதான். 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய், அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பயன்படுத்தினார்.

நீங்களும் அப்படியே உங்கள் காலுக்காகத் துருவ வேண்டும். வலி செய்த வேலையை இனிக் கண் செய்யட்டும். தினமும் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வையுங்கள். மெட்டி இறுகி விரலில் பள்ளம் விழுந்திருந்தால் கழற்றிவிடுங்கள். உங்கள் வயதுள்ளவர்களிடம் மெட்டிக்கு அடியில் புண் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அவர்களுக்கே தெரியாமல். செருப்புக்குள் காலை விடும் முன் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பின்பக்கம் வார் உள்ளதாக வாங்குங்கள், கழன்று போகாது. வெந்நீரில் கால் வைப்பதும் ஹாட் பேக் ஒத்தடமும் கூடாது. சூடு உங்கள் காலுக்குத் தெரியாது. குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். ஆணிக்காலுக்குக் கடைப் பிளாஸ்திரியும் பிளேடும் தொடவே கூடாது. வீட்டுக்குள்ளும் செருப்பு. சின்னக் கொப்புளம் ஆனாலும் மறுநாளே காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தில் பாதத்தைப் பரிசோதிக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

கடைசியாகப் பழனி. வெறுங்காலோடு பாதயாத்திரை வேண்டாம், இந்த ஆண்டு மட்டுமல்ல, எப்போதுமே. வழியில் முள்ளோ கண்ணாடித் துண்டோ ஏறினால் மற்றவர்கள் அடுத்த அடி வைக்கும் முன் நின்றுவிடுவார்கள். நீங்கள் அதோடு நாள் முழுக்க நடப்பீர்கள். மேலே சொன்ன சோதனைகள் முடிந்து, காலில் புண்ணோ கொப்புளமோ இல்லை என்று உறுதியானால் அடுத்த ஆண்டு எம்.சி.ஆர். செருப்போடு கொஞ்ச தூரம் மட்டும் நடந்து, மீதியைப் பஸ்ஸில் போவதைப் பற்றிப் பேசலாம். இந்த முறை பஸ்ஸிலேயே போங்கள். மலையேற விஞ்ச் இருக்கிறது. மேலே பிராகாரத்துக் கல் சுடும் முன் காலையிலேயே, தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு தரிசனத்தை முடியுங்கள். இறங்கி வந்ததும் காலுறையைக் கழற்றி, கூட வந்தவரிடம் உள்ளங்காலைக் காட்டிவிட்டு அப்புறம் சாப்பிடப் போங்கள்.