பழைய மரக் கனோ எந்த வருடம் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான படகுதான் கனோ. உங்கள் கனோ அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பெனோப்ஸ்காட் நதிக்கரையில் இருக்கும் ஓல்ட் டவுன் ஊரில் செய்ததாக இருந்தால் உங்களுக்கு யோகம்தான். ஊர்ப் பெயரையே கொண்ட ஓல்ட் டவுன் கனோ கம்பெனி, தன் பட்டறையில் உருவான படகுகளுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்தது. 1900களின் தொடக்கத்திலிருந்து வரும் அந்தச் சீட்டுகளில் பெரும்பாலானவை தப்பிப் பிழைத்திருக்கின்றன. மரக் கனோக்களைக் காப்பாற்றுவதற்காக 1979இல் தொடங்கிய வுடன் கனோ ஹெரிடேஜ் அசோசியேஷன் என்ற சங்கத்தின் ஆர்வலர்கள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். எண்ணைச் சொன்னால் உங்கள் படகின் சீட்டைத் தேடித் தருவார்கள்.

எண் எங்கே இருக்கும்? படகின் இரண்டு முனைகளிலும், உள்பக்கம் தரையிலிருந்து வளைந்து ஏறும் கட்டையின் மேல் அச்சடித்திருக்கும். முதலில் வரிசை எண், கொஞ்சம் இடைவெளி விட்டு அடிக்கணக்கில் நீளம். பல வருட வார்னிஷும் அழுக்கும் அதை மூடியிருக்கும். தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், எண்ணும் சேர்ந்து போய்விடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். இல்லையென்றால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசுங்கள். 3, 8 இரண்டும் குழப்பும், ஆகவே ஒரு முனையில் படித்ததை மறு முனையில் சரிபாருங்கள்.

நான் வாங்கியது 17 அடிக் கனோ. வாங்கியபோது சிவப்புப் பெயின்ட். சீட்டில் இருந்ததோ கரும்பச்சை! சந்தேகத்தோடு ஓர் ஓரத்தில் சிவப்பைச் சுரண்டினேன், அடியில் பச்சை இருந்தது. ரெட் சிடார் பலகை, ஸ்ப்ரூஸ் மர விளிம்பு, எச்.டபிள்யூ மாடல் என்று மற்ற விவரங்களும் அப்படியே பொருந்தின. 1926இல் பாஸ்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது சீட்டில் இருக்கும் வேலைத் தேதிகள். பலகை அடித்த நாள், பலகையின் வெளிப்பக்கம் கான்வாஸ் துணியை இழுத்துக் கட்டிய நாள், அதன்மேல் ஃபில்லர் பூசிய நாள், விளிம்பு வைத்த நாள், பெயின்ட், வார்னிஷ், கடைசியில் அனுப்பிய நாள். ஃபில்லருக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி தெரியும். கான்வாஸின் நெசவுக் கண்களை அடைக்கும் அந்தப் பூச்சு காய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை காத்திருந்துதான் ஆக வேண்டும். இன்று கான்வாஸ் மாற்றுகிறவர்களுக்கும் அதே காத்திருப்புதான்.

எண் கிடைத்தவுடன் முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரே எண் வேறு கம்பெனிப் படகிலும் இருக்கலாம். சீட்டில் உள்ள நீளம், மரம், மாடல் மூன்றும் உங்கள் படகோடு ஒத்துப்போக வேண்டும். இன்னொன்று, அனுப்பிய இடத்தில் இருக்கும் பெயர் பெரும்பாலும் விற்பனைக் கடையுடையது. முதல் சொந்தக்காரர் யார் என்பதைச் சீட்டிலிருந்து எதிர்பார்க்காதீர்கள், அதற்கு விற்றவர் குடும்பத்தைத்தான் விசாரிக்க வேண்டும். சில சீட்டுகளில் படகு ரிப்பேருக்காகப் பட்டறைக்குத் திரும்பி வந்ததும் பதிவாகியிருக்கும்.

வேறு கம்பெனி என்றால்? கார்ல்டன் படகுகளின் சீட்டுகள் ஓல்ட் டவுன் பதிவுகளோடு சேர்ந்தே இருக்கின்றன, ஏனென்றால் அந்தக் கம்பெனியை ஓல்ட் டவுன் 1910இல் வாங்கிவிட்டது. வாட்டர்வில் ஊரின் கென்னபெக் கம்பெனிப் பதிவுகளும் இருக்கின்றன. ஆனால் மோரிஸ் தொழிற்சாலை 1919இல் தீயில் அழிந்தது, பதிவுகளும் அதோடு போயின. கனடாவின் செஸ்நட் கம்பெனிக்கும் இப்படிப் பதிவேடு கிடையாது. அவற்றுக்கு விளிம்பின் வெட்டு, முனைப் பலகையின் வடிவம், இருக்கை மாட்டிய விதம் இவற்றைப் பழைய விலைப்பட்டியல் படங்களோடு ஒப்பிட்டுத்தான் காலத்தைக் குத்துமதிப்பாகச் சொல்ல முடியும். முனைகள், இருக்கைகள், உள்பக்கம் எல்லாவற்றையும் தெளிவாகப் படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.