உக்ரைன் குழுவோடு வேலை: கவலைப்படும் ஓர் அம்மாவுக்கும் அவர் மகளுக்கும்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை முழுவதும் படித்தேன். மகள் சென்னையில் மென்பொருள் வேலையில் சேர்ந்திருக்கிறார். அவருடைய குழுவில் பாதிப் பேர் உக்ரைனின் லிவிவ், கீவ் நகரங்களில் இருக்கிறார்கள். வீடியோ மீட்டிங்கில் யாரும் சிரிப்பதில்லை, செய்து அனுப்பிய வேலை "இது தவறு, மாற்றுங்கள்" என்ற ஒரே வரியோடு திரும்பி வருகிறது, பிள்ளை ராத்திரியில் அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். போர் நடக்கும் நாட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கிறது.

அந்தப் பயத்தை முதலில் முடித்துவிடலாம். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியதிலிருந்து உக்ரைனுக்குப் பயணிகள் விமானம் கிடையாது. கீவுக்குப் போக வேண்டுமானால் போலந்து போன்ற பக்கத்து நாட்டில் இறங்கி ரயில் ஏற வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒருவரை அப்படி அனுப்ப நிறுவனத்துக்கு எந்தத் தேவையும் இல்லை. அப்படியே கேட்டாலும் மறுக்கும் உரிமை உங்கள் மகளுக்கு உண்டு. கார்கிவிலும் சுமியிலும் சிக்கிக்கொண்ட நம் மருத்துவ மாணவர்கள் 'ஆபரேஷன் கங்கா' மூலம் ஊர் திரும்பியதைத் தொலைக்காட்சியில் பார்த்த எந்தப் பெற்றோருக்கும் உக்ரைன் என்றதும் அந்த நாட்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் உங்கள் மகள் வேலை செய்யப்போவது சென்னையில்தான்.

அழுகையைப் பற்றித்தான் பேச வேண்டும். இனி எழுதுவதை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

சரி, இனி உங்களிடம். "இது தவறு" என்று எழுதியவர் நீங்கள் எழுதிய நிரலைச் (code) சொல்கிறார், உங்களைச் சொல்லவில்லை. உக்ரைன் பொறியாளர்களோடு வேலை செய்யும்போது முதலில் மனதில் ஏற்ற வேண்டியது இதுதான். பிழையைக் கண்டும் சும்மா இருப்பதையோ, சுற்றிவளைத்துச் சொல்வதையோ அங்கே பெரும்பாலும் மரியாதையாக நினைப்பதில்லை. நேராகச் சொன்னால்தான் எதிரில் இருப்பவரை வேலை தெரிந்தவராக மதிப்பதாக அர்த்தம். ஆங்கிலம் அவர்களுக்கும் பள்ளியிலும் வேலையிலும் கற்ற மொழிதான். அதனால் நாம் எதிர்பார்க்கும் 'ப்ளீஸ்', 'கைண்ட்லி' எல்லாம் அவர்கள் வரிகளில் இருக்காது. முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கமும் குறைவு. பழகிய பிறகு அதே ஆட்கள் தங்கள் வீட்டுப் பூனையைக் கேமரா முன் தூக்கிக் காட்டுவார்கள். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம், பொறுங்கள்.

உங்களுக்குச் சிக்கல் வரக்கூடிய இடம் வேறு. நம் ஊரில் பெரியவர் ஒரு வேலை சொன்னால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டோம். சரி என்று சொல்லிவிட்டு எப்படியாவது முடிக்கப் பார்ப்போம், முடியாவிட்டால் கடைசி நாளில் தயங்கித் தயங்கிச் சொல்வோம். உக்ரைன் டீம் லீட் நீங்கள் சொன்ன சரியை வாக்காக எடுத்துக்கொண்டு, அதை நம்பித் தன் வேலைகளை அடுக்கிவைப்பார். வியாழக்கிழமை மாலை "இன்னும் கொஞ்சம் இருக்கிறது" என்று கேட்டால் அவருக்கு வரும் கோபம் தாமதத்துக்காக மட்டும் இல்லை, திங்கட்கிழமையே நீங்கள் சொல்லாததற்காக. அதனால் வேலை கொடுக்கும்போதே இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "வியாழனுக்குள் முழுவதும் முடியாது. லாகின் பகுதி வியாழன் முடியும், பேமென்ட் பகுதிக்கு அடுத்த திங்கள் வரை வேண்டும். காரணம் இது." எது முடியும், எது முடியாது, எந்த நாள் என்று சொல்லிவிட்டால் போதும். நடுவில் தடங்கல் வந்தால் அன்றைக்கே எழுதுங்கள். நான்கு முறை மன்னிப்புக் கேட்க வேண்டாம். என்ன நடந்தது, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும்.

அவர் சொன்னது தவறு என்று தோன்றினால் அதையும் சொல்லுங்கள். புதியவர் காரணத்தோடு மறுத்துப் பேசினால் ஐடி குழுக்களில் அது உங்கள் மதிப்பைக் கூட்டும். அரசு அலுவலகங்களிலும் பழைய தொழிற்சாலைகளிலும் மேலதிகாரியை எதிர்த்துப் பேசுவது இன்னும் கடினம்தான், ஆனால் உங்கள் இடம் அது இல்லை. கேமரா முன்னால் ஒன்றைக் கவனியுங்கள்: நாம் இருபக்கமும் தலையாட்டி ஆமோதிப்பது அவர்களுக்கு மறுப்பாகத் தெரியும். வாயைத் திறந்து ஆம் என்று சொல்லிவிடுங்கள்.

பெயர் விஷயம். 'சார்', 'மேடம்' வேண்டாம், முதல் பெயர் போதும். ஆனால் அவர் கையொப்பத்தில் எப்படி எழுதியிருக்கிறாரோ அப்படியே எழுதுங்கள். வொலொடிமிரை விளாடிமிர் என்றும், மிகோலாவை நிகோலாய் என்றும் மாற்றினால் உக்ரைனியப் பெயரை ரஷ்யப் பெயராக்கிவிடுகிறீர்கள். இன்றைக்கு அது காயப்படுத்தும். ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். உங்கள் பெயருக்குப் பின்னால் இருப்பது அப்பா பெயர், குடும்பப் பெயர் இல்லை என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் பெயரோடு தந்தை பெயரிலிருந்து வரும் ஒரு பகுதி உண்டு என்பதால் உடனே புரிந்துகொள்வார்கள்.

இப்போது போர். நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். உங்கள் குழுவில் யாருக்காவது அண்ணன் போர்முனையில் இருக்கலாம், யாராவது உறவினரை இழந்திருக்கலாம், இன்றைக்கு உங்களோடு பேசும் ஆணுக்கே நாளை இராணுவ அழைப்பு வரலாம். செய்தியில் அவர்கள் ஊர் மீது தாக்குதல் என்று பார்த்தால், "நீங்களும் வீட்டாரும் பத்திரமா? இன்றைய வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று இரண்டே வரி அனுப்புங்கள். வீடியோ கேட்காதீர்கள், விவரம் தோண்டாதீர்கள். "ரஷ்யாவும் உக்ரைனும் ஒன்றுதானே", "இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்தால் என்ன" போன்ற பேச்சு வேண்டவே வேண்டாம். 1991 ஆகஸ்ட் 24 அன்று சுதந்திரம் அறிவித்த நாடு அது, அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் இன்று உயிர் கொடுக்கிறார்கள். இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குவதைப் பற்றி யாராவது கேட்டால் வாதம் செய்யாதீர்கள். அது அரசின் முடிவு, உங்கள் இழப்புக்கு நான் வருந்துகிறேன் என்று சொன்னால் போதும், மனதாரச் சொல்லுங்கள். செயலியில் கற்ற ரஷ்ய வார்த்தைகளையும் அவர்களிடம் பேசிக் காட்டாதீர்கள். கார்கிவிலும் ஒடெசாவிலும் ரஷ்யன் பேசி வளர்ந்தவர்கள் நிறையப் பேர், அவர்களில் பலர் 2022-க்குப் பிறகு தாங்களாகவே உக்ரைனிய மொழிக்கு மாறியிருக்கிறார்கள். நன்றி சொல்ல 'தியாக்குயு' போதும்.

போர் அன்றாட வேலைக்குள்ளும் வரும். வான்தாக்குதல் எச்சரிக்கை ஒலித்தால் மீட்டிங்கின் நடுவில் எழுந்து பதுங்கிடத்துக்குப் போவார்கள். மின்நிலையங்கள் தாக்கப்படுவதால் மணிக்கணக்கில் மின்சாரம் இருக்காது, பேட்டரியை வைத்துச் சமாளிப்பார்கள். ராத்திரி முழுக்கப் பதுங்கிடத்தில் இருந்தவர் காலையில் கடுகடுவென்று இருந்தால் அதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம். 2022 மார்ச் முதல் தினமும் அங்கே காலை 9 மணிக்கு, உயிரிழந்தவர்களுக்காக ஒரு நிமிட மௌனம் உண்டு. நமக்கு அது கோடையில் 11:30, குளிர்காலத்தில் 12:30. அந்த நேரத்தில் மீட்டிங் இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு நீங்களும் அமைதியாக இருங்கள். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் வாழ்த்தை டிசம்பர் 25 அன்று அனுப்புங்கள். 2023-ல் சட்டம் போட்டு ஜனவரி 7-இலிருந்து மாற்றிவிட்டார்கள். போர்க்காலச் சட்டத்தால் அரசு விடுமுறைகளும் தானாக விடுமுறை ஆவதில்லை, அதனால் யார் எப்போது லீவு என்று கேட்டே தெரிந்துகொள்ளுங்கள்.

எப்போதாவது நேரில் சந்தித்தால்: வாசற்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கை குலுக்காதீர்கள், உள்ளே போய்விட்டுக் கை கொடுங்கள். பூ கொடுத்தால் ஒற்றைப்படை எண்ணிக்கை, இரட்டைப்படை இறந்தவர்களுக்கு. வீட்டுக்குள் நம்மைப் போலவே செருப்பைக் கழற்றுவார்கள். மது அருந்த மாட்டீர்கள் என்றால் முதலிலேயே சொல்லிவிட்டு ஜூஸ் கோப்பையைத் தூக்குங்கள். போரில் இறந்தவர்களை நினைத்துக் குடிக்கும்போது கோப்பையை யாரோடும் மோதக் கூடாது. சைவம் என்றால் உருளைக்கிழங்கு வைத்த 'வரேனிகி' உண்டு, பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். போர்ஷ் சூப்பை ரஷ்ய உணவு என்று சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நேரான பேச்சைத் தாங்கிக்கொள்ளச் சொல்கிறேன், அவமானத்தை இல்லை. "இந்த நிரல்பகுதி தவறு" என்பது வேலைப் பேச்சு. "உனக்கு மூளை இல்லை", "இந்தியர்களே இப்படித்தான்" என்பது வேறு, எந்த நாட்டிலும் அது வழக்கமாகாது. அப்படி வந்தால் அந்தச் செய்தியைச் சேமித்துவையுங்கள். சொன்னவரிடமே, "நிரலைப் பற்றி எதுவும் சொல்லுங்கள், என்னைப் பற்றி இப்படி எழுதாதீர்கள்" என்று தெளிவாக எழுதுங்கள். திரும்பவும் நடந்தால் சென்னையில் உள்ள உங்கள் மேலாளரிடமும் மனிதவளப் பிரிவிடமும் எழுத்தில் கொடுங்கள். அதற்கு முன், இதுவரை வந்த குறிப்புகளை அம்மாவோடு உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். எது நிரலைப் பற்றியது, எது உங்களைப் பற்றியது என்று பிரித்துப் பார்த்து, இரண்டாவது வகையில் ஒன்று இருந்தாலும் எனக்கு அனுப்புங்கள்.